ஒண்ணுமில்லைன்னு நாமளே சொல்லக் கூடாது

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் எழுதிக் கொடுத்தபடியே இங்கே தருகிறோம்.)



நான் பத்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் நாலு வருஷம் கணக்கு நோட்டு எழுதியிருக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து வேலை. மேடையில் பேசிப் பழக்கமில்லை. தலைவி அக்காதான், "உனக்கு நடந்ததை அப்படியே சொல்லு, அது போதும்"னு சொன்னாங்க. அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன். குரல் நடுங்கினால் மறுபடியும் மூச்சு வாங்குதுன்னு நினைச்சுடாதீங்க. இது வெறும் பயம்தான்.

நம்ம கூட்டமைப்பு ஆபீஸ் மாடியில் இருக்கிறது. எத்தனை படின்னு உங்களில் யாருக்காவது தெரியுமா? 22 படி. எனக்குத் தெரியும். ஏன்னா ஒரு காலத்தில் ஒவ்வொரு படியாக எண்ணித்தான் நான் ஏறினேன். 2019-ஆம் வருஷம் ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். 2021-இல் பத்தாவது படியில் நிற்பேன். 2022-இல் ஏழாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்து நிற்பேன். யாராவது பின்னால் வந்தால், "நீங்க முன்ன போங்கக்கா"ன்னு சிரிப்பேன். அந்தச் சிரிப்புதான் நான் செய்த முதல் தப்பு.

ரெண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே மூச்சு வாங்கியது. எல்லோரும், "வயித்துல பிள்ளை இருந்தா அப்படித்தான்"னு சொன்னாங்க. பிள்ளை பிறந்ததும் கொஞ்சம் குறைந்தது. மூன்று நாலு வருஷம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தது. முதலில் குழாயடியிலிருந்து ரெண்டு குடம் தூக்கி வந்தவள், ஒரு குடத்துக்கு வந்தேன். அப்புறம் அரைக் குடம். ராத்திரி படுத்தால் இருமல். ஒரு தலைகாணி போதாமல் ரெண்டு வைத்தேன், பிறகு மூணு. சில நாள் நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து வாசல் திண்ணையில் காற்றாட உட்கார்ந்திருப்பேன். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சைப் பிடித்து வைத்த மாதிரி படபடவென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். காலையில் எழுந்து கோலம் போடும்போது, நேற்று ராத்திரி நடந்தது நிஜமா கனவான்னு எனக்கே சந்தேகமாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. போனேன்.

முதல் தடவை போன இடத்தில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே, "என்ன பண்ணுது?"ன்னு கேட்டார். நான், "கொஞ்சம் மூச்சு வாங்குது சார், அசதியா இருக்கு"ன்னு சொன்னேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மி. கீரை சாப்பிடு, இந்த மாத்திரையைப் போடு." அவ்வளவுதான். ரத்தம் கம்மியாக இருந்தது உண்மைதான், பரிசோதனையில் 9 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். ரத்தம் 11-க்கு ஏறியது. மூச்சு வாங்குவது மட்டும் குறையவில்லை. "ரத்தம் ஏறிடுச்சே, அப்புறம் ஏன் இன்னும் மூச்சு வாங்குது?"ன்னு நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ரெண்டாவது தடவை டவுனில் காசு கொடுத்துப் பார்த்தோம். எங்க வீட்டுக்காரர் கூட வந்தார். ஈசிஜி எடுத்தார்கள். எடுத்த நேரத்தில் எனக்குப் படபடப்பு இல்லை. அந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் இல்லைங்க. கேஸ், கூடவே டென்ஷன். வீட்ல ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேட்டார். மூச்சு முட்டுறது எனக்கு. பதில் சொல்லச் சொன்னது அவரை! கேஸுக்கு ஒரு மாத்திரையும் தூங்க ஒரு மாத்திரையும் கொடுத்தார். 700 ரூபாய் செலவு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்க வீட்டுக்காரர், "அதான் டாக்டரே சொல்லிட்டாரே, மனசைப் போட்டு அலட்டிக்காத"ன்னார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. டாக்டர் சொன்னதை நம்பினார். நானும் நம்பினேன். நமக்குத்தான் மனசு சரியில்லை போல, வேலைக்குச் சோம்பல் போலன்னு என்னையே திட்டிக்கொண்டேன். மாமியார் கோயிலுக்கு அழைத்துப் போய் விபூதி மந்திரித்துப் போட்டார்கள். அவர்கள் அறிந்தது அது. என் மேல் பிரியம் இல்லாமல் செய்யவில்லை.

கொரோனா நேரத்தில் இருமலைப் பார்த்து மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். இல்லைன்னு வந்தது. இல்லைன்னு வந்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். அப்புறம் இருமல் எதனால் என்ற கேள்வி காணாமல் போய்விட்டது.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க. ஒரு வியாதி இல்லைன்னு சொன்னால், ஒன்றுமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

இன்னொரு விஷயம் சொல்லணும். சொன்னால் எங்க குழு அக்காமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வருஷம் நான் குழுக் கூட்டத்துக்கு மூணு தடவை லேட்டாக வந்தேன். வழியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உட்கார்ந்து வர வேண்டியிருந்தது. குழு விதிப்படி தடவைக்கு பத்து ரூபாய், மொத்தம் முப்பது ரூபாய் அபராதம். கணக்கு நோட்டு எழுதுகிறவள் நான்தானே, என் கையாலேயே என் பெயரில் எழுதினேன். ஏன் லேட்டுன்னு பதினாலு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டாக்டர் கேட்கலை, டாக்டர் கேட்கலைன்னு நான் குறை சொல்கிறேனே, நம்ம குழுவும் கேட்கலைதானே? நானும் சொல்லலைதானே?

அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு அக்கா காரணம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தார்கள் இல்லையா, அதில் வீடு வீடாகப் போய் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுக்கிற அக்கா, பக்கத்துத் தெருக் குழு உறுப்பினர், என் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வருவாங்க. ஒரு நாள் நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதைப் பார்த்துட்டாங்க. "எத்தனை நாளா இப்படி?"ன்னு கேட்டாங்க. நான் வழக்கம்போல, "ஒண்ணுமில்லக்கா"ன்னேன். அவங்க விடலை. மணிக்கட்டில் கையை வைத்து செல்போனில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாங்க. ஒரு நிமிஷத்துக்கு 118. "சும்மா இருக்கும்போது 60-லிருந்து 100-க்குள்ள இருக்கணும். நீ கணக்கு எழுதறவதானே? இதையும் எழுது. எழுதி எடுத்துட்டு டாக்டர்கிட்ட போ"ன்னாங்க. எப்படி எண்ணுறதுன்னும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

அன்றைக்கே பிள்ளையோட பழைய நோட்டில் கடைசிப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து ஒரு கணக்கு ஆரம்பித்தேன். நம்ம குழு நோட்டு மாதிரியே கோடு போட்டேன். தேதி, நேரம், என்ன வேலை செய்தேன், என்ன ஆச்சு, எவ்வளவு நேரம் இருந்தது, நாடி எத்தனை. ரெண்டு மூணு வரி வாசிக்கிறேன்.

"காலை 6 மணி. ஒரு குடம் தண்ணீர். வாசல் வருவதற்குள் இரண்டு தடவை நின்றேன். நாடி 120. கால் மணி நேரம் கழித்து 96."

"ராத்திரி 1.30. மூச்சு முட்டி எழுந்தேன். உட்கார்ந்ததும் குறைந்தது. இருமலில் சளியோடு லேசாக ரத்தம்."

"கூட்டமைப்பு ஆபீஸ் படி. ஏழில் நின்றேன்."

இருபத்தைந்து நாள் எழுதினேன். எழுதி முடித்து ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து வாசித்தபோதுதான் எனக்கே பயம் வந்தது. இது சோம்பல் இல்லை, டென்ஷன் இல்லைன்னு எனக்கே புரிந்தது. சண்டை இல்லாத நாளிலும் இருக்கிறது, திருவிழா அன்றைக்கும் இருக்கிறது. வேலை செய்தால் கூடுகிறது, படுத்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. மனசுக் கஷ்டம் குடத்தைத் தூக்கினால் கூடி, இறக்கினால் குறையுமா?

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்க குழு ஊக்குநர் அக்கா துணைக்கு வந்தாங்க. அன்றைக்கு இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. வரிசையில் எனக்குப் பின்னாடி நாற்பது பேர். நான் பேச ஆரம்பித்ததும் வழக்கம்போல வார்த்தை குழறியது. ஊக்குநர் அக்கா நோட்டை மேசையில் வைத்து, "இதைக் கொஞ்சம் பாருங்க மேடம்"ன்னாங்க. அந்த டாக்டரம்மா ரெண்டு பக்கம் வாசித்தாங்க. வாசித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாங்க. "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"ன்னு கேட்டாங்க.

அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. ஆறாவது படிக்கும்போது எனக்கு ஒரு முழங்கால் வீங்கி, அது வடிந்து மறு முழங்கால் வீங்கி, ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா பத்துப் போட்டுக் குணமாக்கினாங்க. அது என்றைக்கோ முடிந்த கதைன்னு நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா என்னை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாங்க. "இது டென்ஷன் இல்லைம்மா. உள்ள சத்தம் இருக்கு, வால்வுல பிரச்சினை இருக்கும்னு நினைக்கிறேன். எக்கோ எடுக்கணும்"னாங்க. நான் அழுதுட்டேன். வியாதிக்குப் பயந்து அழுகிறேன்னு நினைத்து அவங்க தைரியம் சொன்னாங்க. எனக்கு அழுகை வந்தது வேறு எதற்கு என்று இங்கே இருக்கிற பொம்பளைங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எக்கோ எடுக்கப் பணம் வேணும். பெரியாஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் தேதி தள்ளிக் கொடுத்தாங்க. அந்த வாரமே குழுவில் அவசரக் கூட்டம் போட்டு 3,000 ரூபாய் உள்கடன் கொடுத்தாங்க. தீர்மான நோட்டில் 'மருத்துவச் செலவு'ன்னு எழுதும்போது என் கை நடுங்கியதால் பக்கத்திலிருந்த தங்கச்சி எழுதினாள். வெளியில் ஸ்கேன் எடுத்தோம்.

என்ன வியாதி என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இதயத்துக்குள் நாலு வால்வு இருக்கிறது. வயலுக்குத் தண்ணி விடுகிற மடை மாதிரி. திறந்தால் ஒரு பக்கமாகப் போகணும், மூடினால் திரும்பக் கூடாது. சின்ன வயசில் தொண்டையில் ஒரு கிருமி வந்து, சரியாக மருந்து சாப்பிடாமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வருகிறது. அதுதான் மூட்டு வீக்கமாக வருவது. மூட்டு சரியாகிவிடும். ஆனால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, பல வருஷம் கழித்துச் சுருங்கிவிடும். எனக்குச் சுருங்கியது மைட்ரல் வால்வு. நல்ல வால்வு 4-லிருந்து 6 சதுர சென்டிமீட்டர் திறக்குமாம். எனக்கு 0.9. மடை வாய் அடைத்தால் தண்ணி வாய்க்காலில் பின்னாடி தேங்கும் இல்லையா? அதுபோல ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் படுத்தால் மூச்சு முட்டல், இருமல், சளியில் ரத்தம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுவதால், அப்போது மூச்சு வாங்குவது முதலில் தெரியவருமாம். எனக்கு நடந்ததும் அதுதான். பிரசவத்தில் என் உயிர் தப்பியது பெரிய விஷயம்னு டாக்டர் பிறகு சொன்னார்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அப்போது எங்களிடம் இல்லை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்குத் தருகிறார்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுத்து அட்டை வாங்கினோம். ஒரு வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை அதில் பார்க்கலாம். அட்டை இல்லாதவங்க வியாதி வரும்வரை காத்திருக்காதீங்க. நல்லா இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

மதுரை பெரியாஸ்பத்திரியில் பலூன் வைத்தார்கள். நெஞ்சைக் கிழிக்கவில்லை. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியாகக் கம்பியில் ஒரு பலூனைக் கொண்டுபோய், வால்வு நடுவில் ஊதி விரிக்கிறார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ராத்திரி காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார்கள். மூணு வருஷத்துக்குப் பிறகு ஒரே தலைகாணியில் மல்லாந்து படுத்து, மூச்சு முட்டாமல் விடியும்வரை கிடந்தேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது வால்வு 1.8 திறக்கிறது. இதோடு முடிந்தது என்று சொல்ல முடியாது. மறுபடி சுருங்கலாம், வருஷா வருஷம் எக்கோ பார்க்கணும். 21 நாளைக்கு ஒரு தடவை இடுப்பில் பென்சிலின் ஊசி. நல்லா வலிக்கும். அந்தக் கிருமி மறுபடி வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்க அது வேணும். பல் பிடுங்கப் போனாலும், வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வால்வு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வியாதி பேர் தெரிந்தவுடன் எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஊசி போடப் போன இடத்தில் ஒருத்தர், "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த ஊசி? சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் போடுவாங்க"ன்னு திருப்பி அனுப்பப் பார்த்தார். பழைய நானாக இருந்தால் வீட்டுக்கு வந்திருப்பேன். அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பையிலிருந்து பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிய சீட்டை எடுத்து வைத்து, "சார், இதுல எழுதியிருக்கு. போட முடியாதுன்னா, முடியாதுன்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நான் அங்க காட்டிக்கிறேன்"னு சொன்னேன். அவர் சீட்டை வாசித்தார். ஊசி போட்டார். இப்போது நான் போனால், "வாங்கம்மா, 21 நாள் ஆச்சா?"ன்னு கேட்கிறார்.

டாக்டர்களைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது பேரைப் பார்க்கிறார்கள். நமக்குக் கிடைப்பது ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு நாம் தயாராகப் போகணும். என் உயிரைக் காப்பாற்றினதும் ஒரு டாக்டர்தான். ஆனால் நம்மை வாய் பேச விடாமல் அனுப்புகிற இடத்தில் தலையை ஆட்டிவிட்டு வரவும் கூடாது.

போன வருஷம் எங்க தெருவில் ஒரு பெரியம்மா தவறிப்போனாங்க. சாயங்காலம் தாடை வலிக்குதுன்னாங்க. மேல் முதுகு வலிக்குதுன்னாங்க. வேர்த்துக் கொட்டியது, வாந்தி வந்தது. "நெஞ்சு வலிக்குதா?"ன்னு மகன் கேட்டதுக்கு, "இல்லப்பா, கேஸ்தான், ஓமத்தண்ணி போதும்"னாங்க. காலையில் இல்லை. மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான்னு சினிமாவில் பார்த்துப் பார்த்து நம்புகிறோம். பொம்பளைங்களுக்குப் பல நேரம் தாடை, முதுகு, தோள், வாந்தி, வேர்வை, காரணமில்லாத அசதி, மூச்சு வாங்கல் என்று வரும். அந்த நேரத்தில் ஓமத்தண்ணி வேண்டாம், 108-க்குக் கூப்பிடுங்க. முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமலே அந்தப் பெரியம்மா போயிட்டாங்க. அவங்களுக்கு யாரும் அலட்சியம் செய்யவில்லை. அவங்களே செய்துகிட்டாங்க.

கடைசியாக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதி வையுங்க. எழுதத் தெரியாதவங்க பிள்ளைகளை எழுதச் சொல்லுங்க. வாங்கின கடன் பத்து ரூபாயானாலும் நோட்டில் ஏற்றுகிற நாம், உடம்புக் கணக்கை மட்டும் ஏன் எழுதுவதில்லை?

ரெண்டாவது, டாக்டரிடம் "கொஞ்சம் அசதி"ன்னு சொல்லாதீங்க. முன்னே என்ன செய்ய முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்று சொல்லுங்க. "போன வருஷம் ரெண்டு குடம், இப்ப அரைக் குடம்"னு சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியும். மூணு தலைகாணி வைத்துப் படுக்கிறேன்னு சொல்லுங்க. ராத்திரி மூச்சு முட்டல், சளியில் ரத்தம், மயக்கம், கால் வீக்கம் இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்க.

மூணாவது, தனியாகப் போகாதீங்க. குழுவில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்க. வீட்டுக்காரர் வந்தாலும், டாக்டர் அவரிடம் பேசினால், "எனக்குச் சொல்லுங்க சார், நான்தான் மாத்திரை சாப்பிடப் போறேன்"னு மரியாதையாகச் சொல்லுங்க.

நாலாவது, ஒன்றுமில்லைன்னு சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதயம் இல்லைன்னு எந்தப் பரிசோதனையில தெரிஞ்சது சார்?" படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நல்லா இருப்பதால் எல்லாம் நல்லா இருக்குன்னு ஆகாது. மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லைன்னா எத்தனை நாளில் திரும்ப வரணும்னு கேட்டு, அந்தத் தேதியில் போங்க. மனசு வரலைன்னா வேறு டாக்டரிடம் காட்டுங்க, அது நம்ம உரிமை. சீட்டு, ஈசிஜி, ரிப்போர்ட் எதையும் விட்டுவிட்டு வராதீங்க. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

ஐந்தாவது, பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், மூட்டு வீங்கினால், பத்துப் போட்டுப் பார்க்காதீங்க. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க. என் அம்மாவுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும்.

எங்க குழுவில் இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். லேட்டாக வந்தவருக்கு அபராதம் எழுதும் முன்னாடி, "ஏன் லேட்டு, உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்கணும். கேட்டதில் இதுவரை ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஒருத்தருக்குத் தைராய்டு. இன்னொருத்தருக்கு வெறும் ரத்தசோகை, மாத்திரையில் சரியாகிவிட்டது. பரிசோதனை பண்ணிப் பார்த்துச் சொல்கிற 'ஒண்ணுமில்லை' நல்ல வார்த்தைதான். பார்க்காமல் சொல்கிற 'ஒண்ணுமில்லை'தான் ஆளைக் கொல்லும்.

இதே தீர்மானத்தைக் கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுவிலும் போடணும்னு இந்தப் பொதுக்குழுவில் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பணம் வேண்டாம், கடன் வேண்டாம். ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எனக்கு உள்கடன் கொடுத்த என் குழுவுக்கும், துணைக்கு வந்த ஊக்குநர் அக்காவுக்கும், என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணின அந்த அக்காவுக்கும் நன்றி. அந்த 3,000 ரூபாயைப் பத்துத் தவணையில் கட்டி முடித்துவிட்டேன். அதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன், பொருளாளர் அக்கா குறித்துக்கொள்ளட்டும்.

இன்றைக்குக் காலையில் இந்தப் பேச்சை எழுதிய தாளை வாங்க ஆபீஸுக்குப் போனேன். 22 படி. பதினைந்தில் ஒரு தடவை நின்றேன். செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனியவில்லை. பின்னால் வந்த தங்கச்சி, "என்னக்கா?"ன்னு கேட்டாள். "மூச்சு வாங்குதுடி, ஒரு நிமிஷம் இரு"ன்னேன். அவளும் என் கூட நின்றாள்.